கம்யூனிட்டி போஸ்டிங்: ஐந்து வீடு, ஐந்து ஃபைல். அதற்குமேல் என்ன கற்றுக்கொள்வது?

செங்காந்தள் (#1)

பி.எஸ்ஸி நர்சிங் ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறேன். ஊருக்குள் போய் வீடு வீடாகப் பார்க்கிற கம்யூனிட்டி ஹெல்த் போஸ்டிங் ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது. காலை எட்டரைக்குக் கல்லூரி பஸ் ஊர் முனையில் இறக்கிவிடும், மதியம் ஒன்றரைக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். ஆளுக்கு ஐந்து வீடு. வீட்டுக்கு ஒரு ஃபேமிலி ஃபோல்டர் (குடும்பத்தின் விவரம் எழுதுகிற ஃபைல்), ஒரு கேர் பிளான் (என்ன பராமரிப்பு தேவை என்ற திட்டம்), ஒரு ஹெல்த் டாக், அதற்கு ஒரு சார்ட். இதெல்லாம் முடித்துக் கையெழுத்து வாங்கினால் போஸ்டிங் முடிந்தது.

என் மனதை உறுத்துகிற ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கொடுத்த இரண்டாவது வீட்டில் ஐந்து மாத கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோகிற நர்ஸ் பையைச் சுத்தம் கெடாமல் கையாளும் பேக் டெக்னிக்கில் சொல்லித் தந்தது போலவே திண்ணையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பையை வைத்து, சோப்பையும் டவலையும் எடுத்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்டேன். மாமியார் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். பிபி பார்த்து, வயிறு தொட்டுப் பார்த்து, கால் வீக்கம் பார்த்தேன். முடித்ததும் மறுபடி தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. "எங்க வீட்டுப் பொண்ணைத் தொட்டா கை கழுவணுமாம்மா?" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. நான் செய்தது பாடப்படி சரிதான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது பெரிய தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. நாளை மறுநாள் திரும்ப அந்த வீட்டுக்குப் போக வேண்டும். எப்படிப் போவது? இந்த வேலையை உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஃபைல் எழுதுவது தவிர நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய நர்ஸம்மா (#2)

பாப்பா, முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீ கேட்டிருப்பது பெரிய கேள்வி. முதலில் கை கழுவுற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டபிறகு கை கழுவுவது என்றால் நம் ஊரில் அதற்கு வேறொரு அர்த்தம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு உன் பாடப்புத்தகம் தெரியாது. அவர் பார்த்ததும் பட்டதும்தான் தெரியும். அதனால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நான் இப்படித்தான் சொல்வேன்: "அம்மா, நாலு வீடு ஏறி இறங்கி வர்றேன். அங்கங்க இருக்கிற கிருமி என் கையோட உங்க வீட்டுக்குள்ள வந்துடக் கூடாது, அதான் முதல்ல கழுவுறேன். போகும்போது இன்னொரு தடவை கழுவுவேன், அடுத்த வீட்டுப் பச்சைக் குழந்தைக்காக." இதைச் சொன்னபிறகு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் சொம்பு சொம்பாகக் கேட்காதே. ஒரு லிட்டர் பாட்டிலில் நீயே கொண்டுபோ. அவர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் மட்டும் வாங்கிக் குடி. "வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்று சொல்லிவிடாதே. நீ அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறாயா இல்லையா என்று தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்.

நாளை மறுநாள் போனதும் முதல் வேலையாக அந்த அம்மாவிடம், "அன்னிக்கு நான் சொல்லாம கொள்ளாம கை கழுவிட்டேன், மனசு கஷ்டப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிடு. மன்னிப்புக் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏரிக்கரை (#3)

நான் நர்ஸ் இல்லை. எங்கள் ஊருக்குப் பத்து வருஷத்துக்கும் மேலாக நர்சிங் மாணவிகள் வருகிறார்கள். ஒரு வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வருஷா வருஷம் புது முகங்கள், அதே கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, கக்கூஸ் இருக்கிறதா, ஓட்டு வீடா மெத்தை வீடா, குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றா. என் மனைவி இந்தக் கேள்விகளுக்கு ஏழெட்டு முறை பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட யாரும் திரும்பி வந்து, "உங்க தெருவுல இத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கு, இத்தனை பேருக்கு ரத்தம் கம்மி" என்று சொன்னது கிடையாது. எழுதிக்கொண்டு போன நோட்டெல்லாம் எங்கே போனது?

போன வருஷம் நான்கு பிள்ளைகள் சேர்ந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் சத்துணவு சார்ட்டைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்தார்கள். சார்ட்டில் ஆப்பிள் இருந்தது, ஆரஞ்சு இருந்தது. எங்கள் வேலியில் முருங்கை நிற்கிறது. கொல்லையில் கொய்யா இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நாங்களும் பாடப்புத்தகம் இல்லை.

வகுப்பறைக்கு வெளியே (#4)

ஏரிக்கரை ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். நான் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் நடத்துகிற ஆசிரியை. அவர் சொன்னது எல்லாமே நடக்கிறது, எங்கள் மாணவிகளும் செய்திருக்கிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி கம்யூனிட்டி ஹெல்த் ஐந்தாவது செமஸ்டரில் ஒன்று, ஏழாவதில் ஒன்று என்று இரண்டு பகுதியாக வருகிறது. இரண்டுக்கும் தேர்வு உண்டு. தேர்வு என்றால் பார்ப்பவர் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், அது ஃபைல்தான். மாணவி அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்தாள், எப்படிக் கேட்டாள் என்பதை ஃபைலில் பார்க்க முடியாது. அதனால் எண்ண முடிந்ததை எண்ணுகிறோம், எண்ண முடியாததை விட்டுவிடுகிறோம்.

நான் செய்து பார்த்த ஒன்று: வீடுகளைப் புதிதாகப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். போன பேட்ச் எழுதிய ஃபோல்டரே அடுத்த பேட்ச்சின் கைக்குப் போகும். புது மாணவி வீட்டுக்குள் போகும்போது வருமானம் கேட்க மாட்டாள். "போன மார்கழியில உங்களுக்கு பிபி 150 இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பலர் கதவைத் திறந்தார்கள்.

இன்னொன்று. டெங்கு பற்றி எத்தனை சார்ட் போட்டாலும், தண்ணீரில் நெளிகிற கொசுப்புழுவைக் காட்டினால் "அது தண்ணிப் பூச்சிம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றுதான் பெண்கள் சொல்வார்கள். ஒரு மாணவி சார்ட்டே போடவில்லை. அந்த வீட்டு ஆட்டுக்கல் குழியில் நெளிந்த புழுக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரோடு அள்ளினாள், வாயைப் பழைய கொசுவலைத் துணியால் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அந்த வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஐந்து நாள் கழித்துப் போனபோது பாட்டிலுக்குள் காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மதியமே அந்தத் தெருவில் ஆட்டுக்கல்லெல்லாம் கவிழ்ந்தது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் அவள் அங்கேயேதான் சொன்னாள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரியும். சுவர் ஓரத்தைக் கையால் தடவிக் காட்டிச் சொன்னாள். அது யாருக்கும் மறந்திருக்காது.

பிறகு வகுப்பில் கணக்குப் போட்டோம். 50 வீடு பார்த்து 6 வீட்டில் புழு இருந்தால் 100 வீட்டுக்கு 12 வீடு, அதுதான் வீட்டுக் குறியீடு. அதே 50 வீட்டில் 9 பாத்திரத்தில் புழு இருந்தால் 100 வீட்டுக்கு 18, அதுதான் பிரெட்டோ குறியீடு. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும்போது வாயில் நுழையாத பெயர். தானே டார்ச் அடித்து எண்ணியவளுக்கு அது சாதாரணக் கூட்டல்.

வடக்குவாசல் (#5)

பையன்கள் பக்கமிருந்தும் ஒருவன் பேச வேண்டும் அல்லவா. நான் படித்து முடித்து இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன்.

போஸ்டிங்கில் எங்களை வீட்டுக்குள் விட மாட்டார்கள். கர்ப்பிணியிடம் கேள்வி கேட்கவே முடியாது, அது நியாயமும்கூட. பெண்கள் இருவரோடு ஒரு பையன் என்று அனுப்பினார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். முதல் வாரம் முழுக்க இப்படியே போனது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த ஊர் ஆண்களை யாருமே பார்ப்பதில்லை. நாங்கள் போகிற நேரத்தில் அவர்கள் டீக்கடையில் இருப்பார்கள், இல்லையென்றால் மரத்தடியில் சீட்டு.

மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு பிபி கருவியோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒருவர்தான் கையை நீட்டினார், அதுவும் கடைக்காரர். மூன்றாம் நாள் வரிசை. ஒருவருக்கு 170/110. அரை மணி உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தேன், குறையவில்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால், "முன்னாடி சாப்பிட்டேன் தம்பி, தலைவலி நின்னுடுச்சு, விட்டுட்டேன்" என்றார். தலைவலி போனால் பிரஷர் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். மாத்திரை வீட்டிலேயே கிடக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்து மாநிலம் முழுக்க வந்துவிட்டது, வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று கேட்க ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "அண்ணே, மோட்டார் சூடானா சத்தம் வருமா? சத்தம் இல்லாமலே காயில் கருகிடும்ல." அவர் பம்ப்செட் மெக்கானிக். இரண்டு வாரம் கழித்து 146/92. இன்னும் குறைய வேண்டும்தான், ஆனாலும் அன்றைக்கு நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

செங்காந்தள் (#6)

போய்விட்டு வந்தேன்! நர்ஸம்மா, நீங்கள் சொன்னபடி முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

அந்த அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.6. தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கிறது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன தடவை "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன், "சாப்பிடுறேன்" என்றார், நானும் டிக் அடித்துவிட்டேன். மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்று புரியவில்லை.

பழைய நர்ஸம்மா (#7)

"சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? நீ யூனிஃபார்ம் போட்டிருக்கிறாய், கையில் நோட்டு வைத்திருக்கிறாய். கேள்வியை மாற்று. "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கொண்டு வாங்கக்கா, தேதி பார்க்கணும்" என்று சொல். அட்டை பேசும்.

அது நிறைந்திருந்தால் திட்டாதே. "மாத்திரை போட்டா என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவள் சொல்லட்டும். மாமியார் கொல்லைப்பக்கம் போகிற நேரம் பார்த்துக் கேள். மருமகள்கள் மாமியார் எதிரில் பாதிதான் சொல்வார்கள், புருஷன் எதிரில் அதுவும் இல்லை.

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் வீட்டில் பேசிக்கொண்டிருக்காதே, உடனே உங்கள் மேடத்திடமும் கிராம செவிலியரிடமும் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். 8.6-க்கும் செவிலியரிடம் சொல்லியாக வேண்டும். டாக்டர் பார்த்து ஒரு மாத்திரையை இரண்டாக்குவார், இல்லையென்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார். அதை முடிவு செய்வது நம் வேலை இல்லை. அங்கே கொண்டு சேர்ப்பதுதான் நம் வேலை.

செங்காந்தள் (#8)

அட்டையைக் கேட்டேன். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஆறு அட்டை. ஒன்றில் இரண்டு மாத்திரைதான் குறைந்திருந்தது, மற்ற ஐந்தைப் பிரிக்கவே இல்லை!

மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். "என்ன பண்ணுதுக்கா?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது, பதில் சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னார். முதல் இரண்டு நாள் சாப்பிட்டாராம். மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. உள்ளே ரத்தம் கசிகிறது, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். காலையில் காபியோடு போட்டதால் குமட்டலும் இருந்திருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று எனக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தெரியும். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த அக்காவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதை விளக்கினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், காபி டீயோடு வேண்டாம், கூடவே எலுமிச்சைத் தண்ணீரோ கொய்யாவோ இருந்தால் சத்து நன்றாக ஏறும் என்றேன். (ஏரிக்கரை ஐயா, சார்ட்டில் ஆப்பிள் இல்லை!) கிராம செவிலியரிடமும் அன்றே சொன்னேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி அவரே ஃபோன் செய்தார்.

வகுப்பறைக்கு வெளியே (#9)

செங்காந்தள், இதைக் கேர் பிளானில் அப்படியே எழுதும்மா. டின்னையும் எழுது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019-21-இல், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். வருஷா வருஷம் வகுப்பில் இதைச் சொல்கிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். இவ்வளவு மாத்திரை கொடுத்தும் ஏன் குறையவில்லை என்பதற்கு ஒரு காரணம் அந்த டின்னுக்குள் இருந்திருக்கிறது.

நம் வேலை பிறந்ததே இப்படித்தான். 1893-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் லிலியன் வால்ட் என்ற இளம் நர்ஸ், நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கூட்டிப்போனாள். பிரசவமாகி அழுக்குப் படுக்கையில் கிடந்த அந்தத் தாயைப் பார்த்த பிறகு அவர் அந்தப் பகுதியிலேயே குடியேறிவிட்டார். வீடு வீடாகப் போகிற பொதுச் சுகாதார நர்ஸ் என்ற வேலைக்கு உருவம் கொடுத்தவர் அவர்தான். நம் நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூர் நர்சிங் கல்லூரி தனக்கென்று ஊர்களை எடுத்துக்கொண்டு இன்றுவரை பார்த்துவருகிறது. தான் தத்தெடுத்த ஊரை விட்டுவிடாமல் இருந்தால்தான் மாணவி தன் வேலையின் பலனைப் பார்க்க முடியும்.

ஏரிக்கரை (#10)

பாப்பா, உன் பதிவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் முதல் பிரசவத்தில் அதே பயம் இருந்ததாம். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுகிறார்களா இல்லையா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. மழை பெய்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. உங்களில் யாராவது சோதித்துச் சொல்ல முடியுமா?

வடக்குவாசல் (#11)

முடியும் ஐயா. சின்னக் கண்ணாடிக் குழாயில் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, கோடிவீட்டில்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஊருக்கு மாணவிகள் வந்தால் அவர்கள் கையில் இந்தச் சோதனைப் பெட்டி இருக்கும். நீங்களே கேளுங்கள், "இதைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்று. ஊரே கேட்டுவிட்டால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

பழைய நர்ஸம்மா (#12)

தெருவாரியாக எழுதி கிராமசபையில் வாசித்துவிட்டும் போகச் சொல்லுங்கள். யாருக்கு என்ன நோய் என்று பெயர் சொல்லக் கூடாது, எண்ணிக்கை மட்டும்.

செங்காந்தள், புதன்கிழமை தடுப்பூசி நாளுக்குப் போனாயா? போனால் ஊசி போடுகிற இடத்தில் மட்டும் நிற்காதே, போட்ட பிறகு அரை மணி நேரம் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் போய் உட்கார். என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வை. இவ்வளவையும் ஒவ்வொரு தாயிடமும் சொல்ல வேண்டும், கூட்டத்தில் அந்த நர்ஸுக்கு நேரம் இருக்காது. மருந்துக் குப்பியின் மேல் இருக்கிற சதுரத்தையும் காட்டிக் கொடு. உள்ளே இருக்கிற சதுரம் சுற்றி உள்ள வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து நல்லது, ஒரே நிறமாகிவிட்டால் சூடு பட்டுவிட்டது, போடக் கூடாது. ஒரு பாட்டிக்குக் காட்டிக் கொடுத்தேன், அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு புதனும் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேரனைக் கொடுப்பார்.

செங்காந்தள் (#13)

போஸ்டிங் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. அந்த அக்காவுக்கு இப்போது 9.7. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார். டின்னில் காலி அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார், எனக்குக் காட்டுவதற்காக.

எங்கள் மேடத்திடம் ஃபோல்டரை அடுத்த பேட்ச்சுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசினேன். அவரும் ஒத்துக்கொண்டார். நேற்று ஜூனியர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனேன். இரண்டாவது வீட்டுத் திண்ணையில் அவள் செய்தித்தாளை விரித்துப் பையை வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் தேடினாள், பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள் போல. கேட்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குள் அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு வாளியும் சொம்பும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டார். "இந்தா பாப்பா, நீ நாலு வீடு போயிட்டு வந்திருப்ப. கையை நீட்டு, நான் ஊத்துறேன்" என்றார்.